டிவியில் செத்துப்போனவள்

அத்தியாயம் 12

விளம்பரத்தில் அந்த முகத்தை முதலில் பார்த்தவள் ஆனந்தமேரிதான். தாடிக்கொம்பு கடைத்தெருவில் மணிமேகலை நடத்தும் பியூட்டி பார்லரில் ஒரு கல்யாணப் பெண்ணுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தவள், பல்லில் கடித்திருந்த நூலை விட்டுவிட்டு டிவியையே பார்த்தபடி நின்றாள். அக்கா, இது நம்ம ஆனந்த்ராஜ் அண்ணன் மாதிரி இல்ல என்று கேட்டாள்.

மாதிரி இல்லை. அவனேதான். மணிமேகலையின் புருஷன்.

திருப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது, வீடு பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று பஸ் ஏறிப் போனவன் அவன். அப்போது மகள் தமிழ்நிலாவுக்கு ஐந்து வயது. போனவன் போனவன்தான். மணிமேகலையின் அண்ணன் மணிமாறன் இரண்டு தடவை திருப்பூருக்குப் போய்த் தெருத்தெருவாக அலைந்துவிட்டு வந்ததுதான் மிச்சம். சில வருடம் கழித்து, அங்கே சுகன்யா என்றொருத்தியைக் கட்டிக்கொண்டான் என்று காற்றுவாக்கில் ஒரு சேதி வந்தது. விவாகரத்து என்று ஒரு பேச்சே கிடையாது.

அந்த ஆனந்த்ராஜும் சுகன்யாவும்தான் இப்போது 'கைகோத்து வாங்க' நிகழ்ச்சியில் ஜோடியாக நிற்கிறார்கள். பத்து ஜோடிகளில் தொடங்கி வாரம் ஒரு ஜோடியாகக் கழித்துவிடும் போட்டி. இந்த வாரம் சொந்த ஊர்ச் சுற்று. படக்குழு திண்டுக்கல் பக்கம் வந்து முகாம் போட்டு, ஊரெல்லாம் சுற்றி எடுத்துக்கொண்டு போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒளிபரப்பு. தனியாக உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் என்று மணிமேகலை நினைத்திருந்தாள். தெரு விடவில்லை. உன் வீட்டு டிவிதான் பெரிசு என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொருவராக வந்து தரையில் உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் ஊரைப் பார்க்க வந்தவர்கள். மீதிப் பேர் அவள் முகத்தைப் பார்க்க வந்தவர்கள். அது அவளுக்குத் தெரியும். எல்லோருக்கும் மோர் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். காலடியில் தமிழ்நிலா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பிளஸ் டூ படிக்கிறாள். அப்பனைப் பற்றி வாய் திறந்து எதுவும் கேட்கிற பிள்ளை இல்லை.

முதலில் மலைக்கோட்டையை மேலேயிருந்து காட்டினார்கள். பிறகு பூ மார்க்கெட். குவிந்து கிடந்த செவ்வந்திக்குப் பின்னால் மணிமாறனின் லோடு ஆட்டோ ஒரு நொடி தெரிந்து மறைந்தது. அவ்வளவுதான், வீடு ஒரே சத்தமாகிவிட்டது. மணிமாறனே வெட்கத்தோடு சிரித்தான். அந்தத் தென்னந்தோப்பு யாருடையது, வாய்க்கால் பாலம் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். தினமும் பார்க்கிற ஊர்தான். ஆனாலும் டிவியில் பார்க்கும்போது எல்லோர் முகத்திலும் ஒரு பெருமை.

அடுத்து சித்தையன்கோட்டை. வாசலில் பெரிய கோலம். சிவனம்மாள் ஆரத்தித் தட்டோடு நிற்கிறாள். ஆனந்த்ராஜின் அம்மா. மகன் ஓடிப்போன மறுவருடமே திண்டுக்கல்லில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, அண்ணன்மார் பக்கம் போகிறேன் என்று சித்தையன்கோட்டைக்குக் குடிபோனவள். அந்த ஊரில் மணிமேகலையை யாருக்கும் தெரியாது.

கேமரா வீட்டுக்குள் போனது. கூடத்துச் சுவரில் ஒரு படம். படத்துக்கு மாலை. கீழே சின்னதாய் ஒரு சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

மணிமேகலையின் கல்யாணப் படம் அது. அவள் பக்கத்தை மட்டும் வெட்டிச் சட்டம் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் விரல்கள் மட்டும் அவள் தோளில் அறுபட்டு நின்றன.

நிகழ்ச்சி நடத்துகிற பெண் மெதுவான குரலில் அது யார் என்று கேட்டாள். ஆனந்த்ராஜ் குனிந்துகொண்டான். பக்கத்திலிருந்த சுகன்யாதான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்து, சொல்லுங்க, மனசுல வெச்சிருக்காதீங்க என்றாள்.

"என் முத சம்சாரம். பிரசவத்துக்குப் போனவ திரும்பி வரல. பச்ச மண்ணும் அவகூடவே போயிருச்சு" என்று சொல்லிவிட்டு ஆனந்த்ராஜ் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். பக்கத்தில் நின்ற சிவனம்மாளும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

சுகன்யா எழுந்து போய்ப் படத்துக்குக் கீழே விளக்கேற்றினாள். அக்காவைக் கும்பிடாமல் ஒரு நாளும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்றாள். நடுவர்கள் மூவரும் அழுதார்கள். பின்னணியில் வயலின் அழுதது. இந்த ஜோடி நேராக இறுதிச் சுற்றுக்குப் போகிறது, அடுத்த ஞாயிறு திண்டுக்கல் பைபாஸ் மண்டபத்தில் மக்கள் முன்னிலையில் நேரலை, உங்கள் ஓட்டை மிஸ்டு கால் மூலம் தெரிவியுங்கள் என்று அறிவிப்பு வந்தது.

செத்துப்போனவளின் வீட்டில் உட்கார்ந்து, செத்துப்போனவள் கையால் மோர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாருக்கும் மணிமேகலையைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

தமிழ்நிலா எழுந்தாள். காலி டம்ளர்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சில டம்ளர்களைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. ஆனாலும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

தன்னைச் சாகடித்ததைக்கூட மணிமேகலை தாங்கியிருப்பாள். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைத்தான் தாங்க முடியவில்லை.

மணிமாறன் ஆட்டோ சாவியைக் கையில் எடுத்துவிட்டான். கூட நாலு பேர் எழுந்தார்கள். சித்தையன்கோட்டைக்குப் போய் அவனை வீட்டிலிருந்து இழுத்துப்போட்டுத் தெருவில் வைத்து உதைக்காமல் திரும்புவதில்லை என்றான். ஆனந்தமேரி வேறு யோசனை சொன்னாள். அக்கா, இப்பவே ஒரு வீடியோ எடுத்துப் போடுவோம், நான்தான் அந்தச் செத்துப்போன பொண்டாட்டின்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், சாயங்காலத்துக்குள்ள தமிழ்நாடே பாத்துரும் என்றாள்.

மணிமேகலை இரண்டுக்கும் தலையை ஆட்டவில்லை.

"அண்ணே, நீ அடிச்சா நாலு நாளு காயம் இருக்கும். அம்புட்டுத்தான். வீடியோ போட்டா டிவிக்காரங்க சத்தமில்லாம அவனை எடுத்துட்டு வேற ஆளைப் போட்ருவாங்க. நாந்தான் பைத்தியக்காரின்னு அவன் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவான். எனக்கு அது பத்தாது."

பிறகு அவள் செய்ததைத்தான் தெருவில் யாரும் எதிர்பார்க்கவில்லை. செல்போனை எடுத்து, திரையில் ஓடிக்கொண்டிருந்த எண்ணைப் பார்த்து அழுத்தினாள். ஒரு மணி அடித்துத் துண்டித்தது. ஓட்டு விழுந்துவிட்டது.

எல்லோரும் போடுங்கள் என்றாள். சொந்தக்காரர்கள், பார்லருக்கு வருகிறவர்கள், வத்தலக்குண்டு, சாணார்பட்டி, தெரிந்த அத்தனை பேரும் போட வேண்டும். இந்த ஒரு வாரம் அவன் ஜெயிக்க வேண்டும். மாலையும் கிரீடமும் போட்டு அவனை மேடையின் நடுவில் நிறுத்த வேண்டும். நேரலை என்றுதானே சொன்னார்கள், நேரலையில் வெட்டி ஒட்ட முடியாதல்லவா. அப்போது முன் வரிசையிலிருந்து நான் எழுந்து நிற்கிறேன் என்றாள்.

குரல் உயரவே இல்லை. மணிமாறன் சாவியைக் கீழே வைத்தான். சின்ன வயதிலிருந்து பார்த்த தங்கைதான். ஆனாலும் அந்த நேரத்தில் அவளைப் பார்க்க அவனுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

வெயில் சாய ஆரம்பித்தபோது வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. இறங்கியவள் சிவனம்மாள். கையில் ஒரு துணிக்கடைப் பை. முந்தானையால் தலையை மூடியிருந்தாள். தெருவில் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதென்று அவசரமாக உள்ளே வந்தவள், மருமகளைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

மணிமேகலை அவளை உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் மட்டும் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வாய் திறக்காமல் இருக்க வேண்டும் என்று கேட்கத்தான் சிவனம்மாள் வந்திருந்தாள். அவன் ஜெயித்தால் ஒரு வீடு கிடைக்குமாம். பேத்திக்கு வேண்டியதைச் செய்யச் சொல்கிறேன் என்றாள். பேத்தி என்ற சொல் அவள் வாயில் வந்ததும் மணிமேகலை குறுக்கிட்டாள்.

"பேத்திதான் பிரசவத்துலயே போயிருச்சே. நீங்களும் பக்கத்துல நின்னுதான அழுதீங்க, அத்த?"

சிவனம்மாள் பையைக் கீழே வைத்தாள். டிவிக்காகச் சொன்ன பொய் இல்லையாம் அது. எட்டு வருடத்துக்கு முன்னால் சுகன்யாவைப் பெண் கேட்டுப் போனபோதே சொன்ன பொய். பொண்டாட்டியும் பிள்ளையும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்லித்தான் அவளைக் கட்டியிருக்கிறான். இந்தப் போட்டியில் பேர் கொடுத்ததும் சுகன்யாதான். படத்தைப் பற்றி நிகழ்ச்சிக்காரர்களிடம் சொன்னதும் அவள்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேமரா முன்னால் அவன் வேறு என்னத்தைச் சொல்வான் என்று கேட்டாள் சிவனம்மாள்.

"அவ ஒரு பாவமும் அறியாதவ மணி. தெனமும் உன் படத்துக்கு வெளக்குப் போடுறது நெசந்தான்."

மணிமேகலை சுவரில் சாய்ந்துகொண்டாள்.

இத்தனை வருடமும் அவள் நெஞ்சுக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் ஆனந்த்ராஜ். இன்னொருத்தி சுகன்யா. உண்மையில் அவனைவிட அவளைத்தான் அதிகம் சபித்திருக்கிறாள். அடுத்தவள் புருஷன் என்று தெரிந்தே இழுத்துக்கொண்டு போனவள் என்று நினைத்து, அவள் வயிறு எரிய வேண்டும், அவள் வீடு இருண்டு போக வேண்டும் என்று தாடிக்கொம்புப் பெருமாள் முன்னால் கண்ணை மூடி நின்று கேட்டிருக்கிறாள். அந்த நேரத்தில் சித்தையன்கோட்டையிலோ திருப்பூரிலோ அவள் இவளுக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கோபம் குறையவில்லை. இரண்டு பேர் மேல் பிரிந்து கிடந்தது ஒருவன் மேல் வந்து சேர்ந்தது. அவ்வளவுதான்.

சிவனம்மாள் கொண்டுவந்த பையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அவள் கையிலேயே கொடுத்தாள். சுகன்யா இப்போது எங்கே என்று கேட்டாள். சித்தையன்கோட்டை வீட்டில்தான் இருக்கிறாளாம். ஆனந்த்ராஜ் ஒத்திகைக்காகத் திண்டுக்கல் போயிருக்கிறான். வர இருட்டிவிடும்.

"அப்பச் சரி. வாங்க அத்த, உங்கள வீட்டுல விட்டுட்டு வாரேன்" என்றாள் மணிமேகலை.

அங்கே வராதே என்று சிவனம்மாள் அவள் காலில் விழப் போனாள். மணிமேகலை விலகி உள்ளே போய் முகம் கழுவிக் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தாள். மேடையில் அவனை விழவைப்பது ஒரு வாரம் கழித்து. அதற்கு முன்னால் அவன் தலை வைத்துப் படுக்கிற வீட்டில் ஒரு இடம்கூட அவனுக்கு மிச்சம் இருக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள்.

வெளியே வந்தபோது மணிமாறனின் லோடு ஆட்டோவில் தமிழ்நிலா ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தாள். இறங்கு, இது உனக்கான இடம் இல்லை என்றாள் மணிமேகலை. பிள்ளை அசையவில்லை.

"செத்தது ரெண்டு பேரும்மா. நீ மட்டும் எப்படிப் போவ?"

சிவனம்மாள் முன்னால் மணிமாறன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அம்மாவும் மகளும் பின்னால், மார்க்கெட்டில் இறக்கிய பூவின் வாசனை போகாத சாக்குகளின் மேல் உட்கார்ந்து போனார்கள். செம்பட்டி தாண்டியதும் கொஞ்ச தூரத்தில் சித்தையன்கோட்டை வந்துவிட்டது.

சித்தையன்கோட்டை வீட்டு வாசலில் டிவியில் பார்த்த கோலம் பாதி அழிந்து கிடந்தது. மணிமாறனை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு மணிமேகலை இறங்கினாள். சிவனம்மாள் படியேறாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கதவு திறந்துதான் இருந்தது. காலடிச் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து சுகன்யா வந்தாள். டிவியில் தெரிந்ததைவிட ஒல்லி. கையில் முறம், முறத்தில் பாதி பொறுக்கிய அரிசி. யாருங்க, என்ன வேணுமுங்க என்று கேட்டுக்கொண்டே வந்தவள் நிலைப்படியருகில் நின்றாள்.

சொல்ல வேண்டியதை மணிமேகலை வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தாள். உன் புருஷன் என் புருஷன் என்று தொடங்கி, குத்துகிற மாதிரி நாலு வார்த்தை. ஒன்றும் தேவைப்படவில்லை. எட்டு வருடமாகத் தினமும் கும்பிட்ட முகத்தைச் சுகன்யாவுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

சுகன்யா கத்தவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள். பார்வை தமிழ்நிலா மேல் போனது. அதே மூக்கு, அதே மோவாய்ப் பள்ளம். ஆனந்த்ராஜையே பாவாடை தாவணியில் நிறுத்தின மாதிரி இருப்பாள் பிள்ளை.

"பாப்பா என்ன படிக்குதுங்க?" என்று கேட்டாள்.

பிளஸ் டூ என்றாள் மணிமேகலை.

சுகன்யா தலையசைத்தாள். உள்ளே போய்ப் படத்துக்குக் கீழே எரிந்த விளக்கை விரலால் அணைத்தாள். மாலையை எடுத்தாள். படத்தை ஆணியிலிருந்து கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். அப்புறம்தான் தரையில் உட்கார்ந்தாள். அழுகை வருமென்று மணிமேகலை காத்திருந்தாள். அதைப் பார்க்கத்தான் வந்தோம் என்றுகூட நினைத்திருந்தாள். அழுகை வந்தபோது அவளுக்கு எந்தச் சந்தோஷமும் இல்லை.

"உங்களுக்குத் திதி குடுத்திருக்கேனுங்க அக்கா. நான், என் கையால. புரோகிதர் பேரு கேட்டப்ப, பாப்பாவுக்குப் பேரு வெக்கலைன்னு அவரு சொன்னாருங்க."

தமிழ்நிலா அதுவரை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வந்து சுகன்யாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். என் பேர் தமிழ்நிலா, அப்பாதான் வைத்தார் என்று மட்டும் சொன்னாள்.

மணிமேகலை எல்லாவற்றையும் சொன்னாள். பஸ் ஏறிப்போனது, திருப்பூரில் அண்ணன் அலைந்தது, இன்றைக்கு மத்தியானம் தெருவே உட்கார்ந்து பார்த்தது, ஓட்டுப் போடச் சொன்னது, ஞாயிற்றுக்கிழமை முன் வரிசையில் எழுந்து நிற்கப்போவது. முடித்ததும் சுகன்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க முன் வரிசையில எந்திரிச்சு நில்லுங்க அக்கா. மேடையில நான் அவரு கையப் புடிச்சுட்டு நிக்கறேன். தப்பிச்சு ஓட முடியாம கெட்டியாப் புடிச்சுக்கறேனுங்க."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். காலையில் இந்த முகத்தை மணிமேகலை எரித்துவிடத் தயாராக இருந்தாள். இப்போது இதைவிட நம்பத்தக்க முகம் வேறெதுவும் இல்லை என்று தோன்றியது.

அப்போதுதான் சுகன்யாவின் போன் அடித்தது. அவனேதான். சுகன்யா ஸ்பீக்கரில் போட்டாள். ஒத்திகை சீக்கிரமே முடிந்துவிட்டதாம். விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டில் இன்னொரு காட்சி எடுக்க வேண்டுமென்று டிவிக்காரர்கள் ஆசைப்படுகிறார்களாம். படத்துக்குப் புது மாலை வாங்கிக்கொண்டு கேமராவோடு வந்துகொண்டிருக்கிறேன், செம்பட்டியைத் தாண்டிவிட்டோம், நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு இரு என்றான். அந்தக் குரலில் உற்சாகம் வழிந்தது.

"வாங்க" என்று ஒரே வார்த்தையில் வைத்தாள் சுகன்யா.

மணிமேகலை சட்டென்று எழுந்தாள். இப்போது மாட்டினால் எல்லாம் கெட்டுவிடும். வருவது படம்பிடிக்கிற கேமரா, நேரலை இல்லை. பிடிக்காததை அழித்துவிட்டு, அவனையும் காப்பாற்றிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு வாரம் பொறுத்தால் போதும். படத்தைப் பழையபடி மாட்டிவிடு, எதுவும் தெரியாத மாதிரி இரு என்று சுகன்யாவிடம் அவசரமாகச் சொன்னாள். சுகன்யாவும் புரிந்துகொண்டு ஆணிப் பக்கம் போனாள்.

"தமிழு, எந்திரி. மாமா வண்டியில இருக்கு."

தமிழ்நிலா எழுந்திருக்கவில்லை. கூடத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ போம்மா. நான் இருக்கேன்."

மணிமேகலை கையைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை கையை உதறவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. ஒரு வாரம் மட்டும் பொறு, ஞாயிற்றுக்கிழமை அந்த ஆளை என்ன பாடு படுத்துகிறேன் பார் என்று காதருகில் குனிந்து கெஞ்சினாள்.

"ஞாயித்துக்கிழமை உனக்கும்மா" என்றாள் தமிழ்நிலா. கண்ணில் நீர் கோத்திருந்தது. "எனக்கு அவரை ஒரு தடவை கிட்டத்துல பாக்கணும். என்னையப் பாத்தா அவருக்கு அடையாளம் தெரியுதான்னு பாக்கணும்."

தெருமுனையில் வேன் திரும்பும் சத்தம் கேட்டது. வாசலில் உட்கார்ந்திருந்த சிவனம்மாள், ஏத்தா, வந்துட்டாங்க என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். மணிமாறன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு தங்கைக்காகக் காத்திருந்தான்.

மணிமேகலை ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிலைப்படியில் நின்றாள். பிறகு அந்தச் செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.